ஓதற்பிரிவுக்கு ஒரு கணக்கு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், கல்விக்காகப் பிரியும் பிரிவைப் போருக்கும் தூதுக்கும் முன்னதாக வைத்துள்ளார். பொருள் தேடச் செல்லும் பிரிவு அவற்றுக்குப் பின்னரே பேசப்படுகிறது. கல்வியின்பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்குதல் கூடாது எனக் கற்பியலில் கால எல்லையும் வகுத்துள்ளார். யார் செல்வது, எதற்காகச் செல்வது, எத்துணைக் காலம் தங்குவது, மீள்வது எப்போது என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பி விடை கண்ட மொழி நம் மொழி. ஆயினும் சங்கப் பாடல்களைப் புரட்டுவோர், பொருள்வயிற் பிரிவு பெருகியும் ஓதற்பிரிவு அருகியும் காணப்படுவதை அறிவர்.

இன்று நிலை வேறு. ஓதற்பிரிவு உலகெங்கும் பெருகிவிட்டது. தம் நாட்டின் எல்லையைக் கடந்து உயர்கல்வி பயில்வோர் தொகை 2000-ஆம் ஆண்டையொட்டி 20 இலட்சம் அளவில் இருந்தது. அண்மையில் 60 இலட்சத்தைக் கடந்துவிட்டது. இவர்களை எண்ணுவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன, ஆண்டறிக்கைகள் வெளிவருகின்றன, செய்தித்தாள்கள் அவற்றைத் தலைப்பிட்டு வெளியிடுகின்றன. ஆனால் தொல்காப்பியர் எழுப்பிய நான்கு வினாக்களை விடுத்து, 'எத்தனை பேர்' என்னும் ஐந்தாம் வினாவை மட்டுமே பெரும்பாலோர் பற்றிக்கொண்டுள்ளனர். எண்ணிக்கை வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் காட்டிய வள்ளுவர் வழிவந்தோர் அவ்வாறு கூற இயலாது. யாருடைய நன்மைக்காக எண்ணுகிறோம், எந்த வினாவைக் கேட்டு எண்ணுகிறோம் என்பவை எண்ணிக்கையினும் முதன்மையானவை என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது.

எண்ணியது எதற்காக?

அயலூர் மாணவரைப் பிறப்பிடவாரியாகப் பிரித்தறிவது புதிய வழக்கமன்று. பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுந்த அல்அஸ்ஹர் கல்விக்கூடத்தில் 'ரிவாக்' எனப்படும் மாணவர் உறைவிடங்கள் இருந்தன. மக்ரிபிலிருந்து வந்தோர்க்கு ஒன்று, ஷாம் நாட்டார்க்கு ஒன்று, துருக்கியர்க்கு ஒன்று, சுமத்ரா, ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்தோர்க்கு ஒன்று என அவை பகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷைகு பொறுப்பாளராக இருந்தார். வக்ஃபு வருவாயிலிருந்து மாணவர்க்கு ரொட்டி அளந்து வழங்கப்பட்டது. ஐரோப்பாவில் பொலோனா நகரப் பல்கலைக்கழகம் ஆல்ப்சு மலைக்கு இப்பாலிருந்து வந்தோர், அப்பாலிருந்து வந்தோர் எனத் தன் மாணவரைப் பகுத்தது. பாரிசுப் பல்கலைக்கழகத்தில் நான்கு 'நாட்டார்' குழுக்கள் இருந்தன.

அந்நாளில் எந்த ஊர் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணியது, அவர்களுக்கு உணவும் உறைவிடமும் பாதுகாப்பும் தருவதற்காக. எண்ணப்பட்டவனுக்கே அந்த எண்ணிக்கை பயன்பட்டது.

இன்றைய கணக்கெடுப்பின் தோற்றமும் நன்னோக்கம் உடையதே. முதல் உலகப்போர் ஓய்ந்தபின், நாடுகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டால் போர் குறையும் என்னும் நம்பிக்கையில் 1919-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அமெரிக்காவில் பயிலும் அயல்நாட்டு மாணவர் கணக்கை அந்நிறுவனம் அன்று முதல் திரட்டி வருகிறது. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து 'ஓப்பன் டோர்ஸ்', அதாவது 'திறந்த கதவுகள்' என்னும் பெயரில் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. காலப்போக்கில் அயல்நாட்டு மாணவர் செலுத்தும் கட்டணம் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குப் பெருவருவாயாக மாறியது. அதன்பின் மாணவர் எண்ணிக்கையை வணிகச் சரக்கின் ஏற்றுமதிக் கணக்கோடு வைத்துப் பேசும் வழக்கம் தோன்றியது. ரொட்டி அளப்பதற்காக எண்ணிய உலகம் வருவாயை அளப்பதற்காக எண்ணத் தொடங்கியது. எண்ணப்படுவோர் நாமும் நம் பிள்ளைகளுமாக இருப்பதால் இம்மாற்றத்தை நாம் உணர்ந்திருத்தல் வேண்டும்.

யார் அயல்நாட்டு மாணவர்?

எண்ணுவதற்கு முன் எண்ணப்படும் பொருளுக்கு இலக்கணம் வகுத்தல் வேண்டும். இங்கேயே சிக்கல் தொடங்குகிறது. சில நாடுகள் குடியுரிமையை நோக்குகின்றன. சில நாடுகள் மாணவர் வழக்கமாக வாழ்ந்த இடத்தை நோக்குகின்றன. முன்னைய கல்வியை எங்கே முடித்தார் என்பதைச் சில நோக்குகின்றன.

நமக்கு நன்கு அறிமுகமான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தந்தை வளைகுடாவில் பணிபுரிகிறார். மகன் ஷார்ஜாவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கல்வியை முடித்து, தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் சேர்கிறான். கடவுச்சீட்டை நோக்கினால் அவன் இந்தியன்; ஆகவே அயல்நாட்டு மாணவன் அல்லன். படித்த இடத்தை நோக்கினால் அவன் எல்லை கடந்து வந்தவன். உணவு, மொழி, நட்பு, தட்பவெப்பம் ஆகிய அனைத்திலும் புதியவனாக நிற்கும் அவனுடைய இடர்ப்பாடு, குடியுரிமைக் கணக்கில் சுழியமாகிவிடும். இந்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-ஆம் ஆண்டில் இந்தியாவில் பயின்ற அயல்நாட்டு மாணவர் 46,878 பேர் என்றும், அவர்கள் 170 நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் கூறுகிறது. நேபாளத்தார் நூற்றுக்கு 28 பேர். ஐக்கிய அரபு அமீரகத்தார் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். இந்த ஐவருள் அரபு மக்கள் எத்தனை பேர், அங்கு வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது.

தமிழுலகின் பெருமகனார் ஒருவரையும் இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகளார் ரோமில் இறையியல் பயின்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று முதுகலைப் பட்டமும் எம்.லிட். பட்டமும் பெற்றார். அதன்பின் இலண்டனில் கல்வியியலில் முனைவரானார். மூன்று நாடுகளின் பேரேடுகளில் அவர் மூன்று முறை அயலவராகப் பதியத்தக்கவர். ஆனால் 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் அவர் உழைத்த உழைப்பு எந்தப் பத்தியில் இடம்பெறும்? சிதம்பரத்தில் தமிழ் கற்ற ஓர் அயல்நாட்டு மாணவரால் தமிழுக்குக் கிடைத்த ஆக்கம் இது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனப் பேராசிரியர் பொறுப்பேற்று நம் இலக்கிய வரலாற்றைத் தொகுத்தளித்த ம.மு. உவைஸ் அவர்களும் இலங்கையிலிருந்து வந்தவரே. ஆள் ஒன்று என்று எண்ணி முடித்தால் இத்தகைய விளைவுகள் கண்ணில் படா.

அமெரிக்கக் கணக்கையும் சற்று நெருங்கி நோக்குவோம். 2024-25-ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் 11,77,766 அயல்நாட்டு மாணவர் இருந்தனர் என்றும், அவர்களுள் இந்தியர் 3,63,019 பேர் என்றும் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கை கூறுகிறது. இந்தியா முதலிடத்தில் நிற்பதாக நம் செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. ஆனால் அப்பெருந்தொகைக்குள் 2,94,253 பேர் படிப்பை முடித்து, பயிற்சிப் பணி என்னும் பெயரில் வேலை பார்ப்போர். இவர்கள் வகுப்பறையில் இல்லை. மாணவர் விசாவில் மட்டும் இருக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கினர் கற்போராக இன்றிப் பணியாளராக இருக்கும் தொகையை 'மாணவர் தொகை' என்று மட்டும் படித்துச் செல்பவர், கல்வியிடங்கள் விரிந்துகொண்டே போவதாக எண்ணி ஏமாறுவர்.

அதே நிறுவனம் அமெரிக்க மாணவர் வெளிநாடு சென்று பயில்வதையும் எண்ணுகிறது. 2018-19-இல் அவர்கள் 3,47,099 பேர். பெருந்தொற்றுக் காலமான 2020-21-இல் 14,549 பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு பருவத்துக்கோ சில வாரங்களுக்கோ இத்தாலி, இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் சென்று, தம் கல்லூரிப் பட்டத்துக்கே மதிப்பெண் சேர்த்துக்கொண்டு மீள்பவர். நம் வீட்டுப் பிள்ளை இரண்டாண்டுப் பட்டத்துக்காகக் கடன் பட்டுச் செல்கிறான். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கோடைக்காலத்துக்குச் சென்று வருகிறான். இரண்டுக்கும் 'அயல்நாட்டுக் கல்வி' என்றே பெயர். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

வினா பிழைத்த கதை

கணக்கெடுப்பு பிழைபட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து நாடு கண்கூடான சான்று தருகிறது.

அந்நாட்டில் 1961 முதல் 'பன்னாட்டுப் பயணியர் கணக்கெடுப்பு' நடைபெற்று வந்தது. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பயணியருள் சிலரை நிறுத்தி, எதற்காக வந்தீர், எத்துணைக் காலம் தங்க எண்ணியுள்ளீர் எனக் கேட்பர். விருப்பமுள்ளோர் விடை கூறுவர். சுற்றுலாவை அளப்பதற்கு ஏற்ற அம்முறையையே, நாட்டில் குடியேறுவோர் தொகையை மதிப்பிடவும் பயன்படுத்தினர். நிறுத்திக் கேட்கப்பட்டோருள் நீண்டகாலம் தங்க வந்தோர் மிகச் சிலரே. அச்சிலரின் விடையைப் பெருக்கி நாடு முழுமைக்கும் கணக்கிட்டனர்.

கல்விக்காக வந்தோரின் மதிப்பீட்டுத் தொகை ஒருபுறம். கல்வி முடித்துச் சென்றோரின் மதிப்பீட்டுத் தொகை மறுபுறம். இரண்டுக்கும் இடையே ஆண்டுதோறும் ஓர் இலட்சம் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அந்த ஓர் இலட்சம் மாணவரும் விசாக்காலம் முடிந்தும் மறைந்து வாழ்கின்றனர் என்னும் பேச்சு எழுந்தது. குடியேற்றத்தைக் குறைப்பதாக வாக்களித்திருந்த அரசு மாணவர் மீது பல கட்டுப்பாடுகளை விதித்தது. படிப்பை முடித்தோர் ஈராண்டு தங்கி வேலை பார்க்க இடமளித்த விசா 2012-இல் நிறுத்தப்பட்டது. இந்திய மாணவர் பலர் பின்வாங்கினர். 2010-11-இல் ஏறத்தாழ 39,000 ஆக இருந்த இந்திய மாணவர் தொகை, 2016-17-இல் 17,000-க்கும் கீழே இறங்கியது.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், நாட்டை விட்டு வெளியேறுவோர் அனைவரையும் பதிவு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் முடிவுகள் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியாயின. விசாக்காலம் முடிந்து வெளியேற வேண்டியிருந்த மாணவருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் உரிய காலத்திலேயே வெளியேறியிருந்தனர். மறைந்து வாழும் ஓர் இலட்சம் மாணவர் என்று எவரும் இல்லை. மாணவர் பெருந்தொகையாகத் தங்கிவிடுகின்றனர் என்பதற்குச் சான்றில்லை என அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே உரைத்தது. வேலை பார்க்க இடமளிக்கும் விசா வேறு பெயரில் 2021-இல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை இளைஞர் கதவடைப்பால் திரும்பினர் என்பதை எவரும் எண்ணிச் சொல்லவில்லை.

இப்பிழையைத் தமிழ் இலக்கணம் கற்றோர் எளிதில் விளங்கிக்கொள்வர். விடையை எட்டாகப் பகுக்கும் நன்னூலார், நடந்ததைச் சொல்லும் விடையை 'உற்றது உரைத்தல்' என்றும், நடக்கவிருப்பதைச் சொல்லும் விடையை 'உறுவது கூறல்' என்றும் வேறுபடுத்திக் காட்டியுள்ளார். விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்கப்பட்டவர் கூறியது உறுவது கூறல். அவருடைய எண்ணம் மட்டுமே அது. வெளியேறும்போது பதிவானது உற்றது உரைத்தல். நிகழ்ந்த செயல் அது. எண்ணத்தைச் செயலாக எடுத்துக்கொண்டு சட்டம் வகுத்ததே அங்கு நேர்ந்த தவறு. மேலும், வெளியேறுவோரிடம், 'நீர் முதலில் எதற்காக வந்தீர்?' என்னும் வினா 2012 வரை கேட்கப்படவில்லை. விடுபட்ட ஒரு வினா பல்லாயிரம் மாணவரின் வாழ்வைத் தொட்டது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் வெளிநாடு செல்லும் மாணவரைப் பற்றி இருவகைக் கணக்குகள் வழங்குகின்றன. ஒன்று, குடிநுழைவுத் துறை விமான நிலையத்தில் திரட்டுவது. பயணி தம் நோக்கமாகக் கூறியதையோ, அவர் காட்டும் விசாவின் வகையையோ கொண்டு அது அமைகிறது. அதன்படி 2023-இல் 8.9 இலட்சம் பேரும், 2024-இல் 7.6 இலட்சம் பேரும் கல்விக்காகச் சென்றனர். மற்றொன்று, வெளியுறவு அமைச்சகம் தூதரகங்கள் வாயிலாகத் தரும் தொகை. 2024-இல் வெளிநாடுகளில் இருந்த இந்திய மாணவர் 13.3 இலட்சம் பேர் என்பது அதன் கணக்கு. முன்னது வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு. பின்னது குளத்தில் நிற்கும் நீரின் அளவு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஈராண்டில் தொகை கூடிற்று, குறைந்தது எனப் பேசுவோர் வாய்க்காலையும் குளத்தையும் ஒன்றாக்கிக் குழப்புவோர் ஆவர்.

கணக்கின் அருமை இடுக்கண் வரும்போதே விளங்கும். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கிருந்த இந்திய மாணவரைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைத் தூதரகம் போருக்குச் சில நாள் முன்னரே விரைந்து செய்ய வேண்டியதாயிற்று. 22,500 அளவிலான இந்தியர் தாயகம் மீண்டனர். பெரும்பாலோர் மருத்துவ மாணவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் அயல்நாட்டு மாணவர் மீது கும்பல் தாக்குதல் நிகழ்ந்தது. அதே ஆண்டு வங்கதேசத்தில் கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கான இந்திய மாணவர் திரும்பினர். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈரானிலிருந்து மாணவர் மீட்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் பெற்றோர் ஜமாஅத் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஓடி, 'என் பிள்ளை அங்கே இருக்கிறான்' என்று பெயர் எழுதிக் கொடுக்கும் நிலை உள்ளது. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதை முன்னரே அறிந்து வைத்திருத்தலும் காக்கும் கடமையின் ஒரு பகுதி.

மருத்துவக் கல்வியைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் பயின்றோர் இந்தியாவில் தொழில் செய்ய எழுதவேண்டிய தகுதித் தேர்வு 2002 முதல் நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளில் அதில் தேறுவோர் நூற்றுக்கு முப்பதுக்கும் கீழ். சேர்த்துவிடும் முகவர்களின் விளம்பரத் தாளில் கல்லூரியின் கட்டடம் இருக்கும். விடுதியின் உணவு இருக்கும். இந்தத் தேர்ச்சி விகிதம் இராது. சென்றோர் தொகையை மட்டும் சொல்லி, தேறியோர் தொகையை மறைக்கும் கணக்கு, கணக்கன்று, விளம்பரம்.

மனநிறைவை அளத்தல்

எண்ணுவதோடு நில்லாமல், மாணவரின் அனுபவத்தை வினாநிரல் கொடுத்து அறியும் முயற்சிகளும் உள்ளன. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் கீழ் வேற்று நாட்டில் ஒரு பகுதிக் காலம் பயின்றோரைப் பற்றி 2014-இல் பேராய்வு ஒன்று வெளிவந்தது. ஏறத்தாழ 80,000 பேர் விடையளித்திருந்தனர். வேற்று நாடு சென்று பயின்றோர் நீண்டகாலம் வேலையின்றி இருக்கும் வாய்ப்பு, செல்லாதோரினும் பாதியே என்று அது கூறியது.

இதனைக் கேட்டவுடன், அயல்நாட்டுக் கல்வியே வேலை தந்தது என முடிவு கட்டுதல் கூடாது. செல்லும் துணிவும், குடும்ப வசதியும், மொழித் தேர்ச்சியும் உடையோரே முதலில் செல்கின்றனர். புறப்படுவதற்கு முன்பே அவர்தம் மனப்பாங்கு செல்லாதோரினும் முன்னேறியிருந்ததை அவ்வாய்வே சுட்டிக் காட்டியுள்ளது. உயரமானவன் மரமேறிப் பழம் பறித்தான் என்றால், மரமேறியதால் உயர்ந்தான் என்று கொள்ளலாகாது அன்றோ?

வினாவின் இயல்பையும் நோக்க வேண்டும். நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தார். கணக்கெடுப்பில் கேட்கப்படுவது அறியா வினாவாக இருத்தல் வேண்டும். கேட்பவருக்கு உண்மையாகவே விடை தெரியாதிருத்தல் வேண்டும். 'எங்கள் பல்கலைக்கழகத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பீரா?' என்பது வடிவில் அறியா வினா. உள்ளத்தில் ஏவல் வினா. ஆம் என்னும் விடையைப் பெற்று விளம்பரத்தில் இடுவதற்காகக் கேட்கப்படுவது அது. 'வாடகை கொடுத்த பின் உணவுக்கு எவ்வளவு மிஞ்சியது?', 'நோயுற்ற நாளில் யார் உடன் இருந்தனர்?', 'தொழுகைக்கும் நோன்புக்கும் இடமும் நேரமும் கிடைத்தனவா?', 'வாங்கிய கடனில் எவ்வளவு அடைந்தது?' என்பவை அறியா வினாக்கள். இவற்றைக் கேட்போர் குறைவு. விடையைக் கேட்டபின் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதனாலோ என்னவோ!

நாம் செய்யத்தக்கது

சபுராளிகள் என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களில் பல தலைமுறையாக வழங்குவது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், வளைகுடா எனப் பொருள்வயிற் பிரிந்தோர் அனுப்பிய செல்வத்தால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. அவர்தம் பிள்ளைகள் இன்று ஓதற்பிரிவு மேற்கொள்கின்றனர். சிலர் மேலை நாடுகளுக்கும், சிலர் மருத்துவத்துக்காகக் கிழக்கு ஐரோப்பாவுக்கும் நடு ஆசியாவுக்கும், சிலர் மதீனா, கெய்ரோ போன்ற நகரங்களுக்கும், சிலர் 1983-இல் தோன்றிய மலேசியப் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கும் செல்கின்றனர். பொருள்வயிற் பிரிந்தவரின் கணக்கு அவர் அனுப்பிய பணத்தில் தெரிந்தது. ஓதற்பிரிவு மேற்கொண்டவரின் கணக்கு எதிலும் தெரிவதில்லை.

ஆகவே நம்முடைய கல்லூரி தனக்கென ஒரு கணக்கெடுப்பை மேற்கொள்ளுதல் நலம் என்பது என் கருத்து. அதனைத் தமிழ்த்துறை முன்னின்று நடத்தலாம். புள்ளியியல் துறையின் வேலையன்றோ இது எனச் சிலர் வினவக்கூடும். கூட்டிப் பெருக்க அவர்கள் துணை வேண்டும், ஐயமில்லை. ஆனால் கணக்கெடுப்பின் உயிர் வினாவில் உள்ளது. வினாவை ஐயமற, மனம் புண்படாமல், தாய்மொழியில் அமைக்கும் பயிற்சி மொழி பயில்வோருக்கே உரியது. வெளிநாடு சென்ற மகனைப் பற்றி ஒரு தாயிடம் கேட்க வேண்டுமாயின், அவள் பேசும் தமிழில் கேட்டால்தான் உற்றது உரைப்பாள்.

அக்கணக்கெடுப்பில் நான்கு செய்திகளைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, வென்றோரை மட்டும் எண்ணுதல் கூடாது. நம் மலர்களில் வெளிநாட்டுப் பட்டம் பெற்றோரின் படங்கள் இடம்பெறுகின்றன, அது தக்கதே. படிப்பை இடையில் விட்டுத் திரும்பியோர், தகுதித் தேர்வில் தேறாதோர், விசா மறுக்கப்பட்டோர் ஆகியோரிடம் நாம் கற்கவேண்டியவை மிகுதி. அவர்கள் பெயரை வெளியிடாமல் அவர்கள் கூற்றை மட்டும் பதிவு செய்தல் வேண்டும். குடும்ப மானம் காக்கப்பட்டாலன்றி உண்மை வெளிவராது.

இரண்டாவது, பணம் வந்த வழி. வட்டிக்கடனைத் தவிர்க்க எண்ணும் குடும்பங்கள் நகையை விற்றும், மனையை விற்றும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் பிள்ளையை அனுப்புகின்றன. சிலர் இதன்பொருட்டே அனுப்பாமல் நின்றுவிடுகின்றனர். சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் வழங்க மத்திய அரசு 2013-14-இல் 'படோ பர்தேஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 2022-23 முதல் நிறுத்திவிட்டது. நம் ஊர்களில் யார் யார் அதனால் பயனடைந்தனர், யார் அறியாமலே இருந்தனர் என்னும் பட்டியல் நம் கையில் இருந்திருப்பின், அதனைத் தொடர வேண்டும் என்று கேட்பதற்குச் சான்று இருந்திருக்கும். சான்றில்லாத கோரிக்கை முறையீடாகவே நின்றுவிடுகிறது. வட்டியில்லாக் கல்விக் கடனுக்கென ஜமாஅத்துகள் பொதுநிதி அமைப்பதற்கும், எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு தேவை என்னும் கணக்கே முதற்படி.

மூன்றாவது, பெண்மக்கள். கடல் கடந்து செல்லும் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கு. இன்று நம் கல்லூரி வகுப்புகளில் முதன்மை பெறுவோர் பெரும்பாலும் மாணவியரே. அவர்களுள் வெளிநாட்டில் பயில விரும்பியோர் எத்தனை பேர், இடம் கிடைத்தும் செல்லாதோர் எத்தனை பேர், தடையாக இருந்தது பணமா, பாதுகாப்பு பற்றிய அச்சமா, திருமணமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பெரியோர்கள் இதற்கு விடை தெரியும் என எண்ணுகின்றனர். கேட்டுப் பார்த்தால்தான் அது அறிவினாவா, அறியா வினாவா என்பது விளங்கும்.

நான்காவது, மீட்சி. சர் சையது அகமது கான் 1869-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கல்விமுறையைக் கண்டு திரும்பி, 1875-இல் அலிகரில் கல்விக்கூடம் கண்டார். டாக்டர் ஜாகிர் உசேன் 1926-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, உடன் பயின்ற நண்பர்களோடு திரும்பி வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த ஜாமியா மில்லியாவைத் தாங்கினார். இவர்களைப் போல் அனைவரும் திரும்பியே ஆக வேண்டும் என்று கட்டளையிட எவர்க்கும் உரிமையில்லை. இங்கு தக்க பணியில்லாத நிலையில் அவ்வாறு கூறுவது அறமும் அன்று. ஆனால் அங்கேயே தங்கினும் தாம் கற்றதில் ஒரு கூறினைத் தம் ஊர்க்கும் தம் கல்லூரிக்கும் அளிக்க இயலும். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, நூலகத்துக்கு ஒரு நூல்தொகுதி, அடுத்துப் புறப்படும் மாணவனுக்கு ஒரு மணி நேர அறிவுரை என அது எளியதாகவும் இருக்கலாம். 'நீர் எதைக் கொண்டுவந்தீர்?' என்னும் வினாவை உலகக் கணக்கெடுப்புகள் கேட்பது அரிது. நாம் கேட்போம்.

மாணவச் செல்வங்கள் வரும் விடுமுறையில் தத்தம் ஊர்களிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். ஒரு தெருவில் பத்து வீடு போதும். ஜமாஅத் பெரியோர்கள் கதவைத் திறந்து உதவினால் போதும். இவ்வாறு திரட்டும் ஏடு கல்லூரியில் இருக்குமாயின், நாளை எங்கேனும் போர் மூண்டால் எந்த வீட்டுக்கு முதலில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது தெரியும். முகவர் ஒருவர் பொய்யுரைத்தால் எதிர்த்துக் காட்டச் சான்று இருக்கும். உதவித்தொகை வந்தால் யாருக்கு முதலில் தர வேண்டும் என்பது விளங்கும். அல்அஸ்ஹரின் ரிவாக்கில் ரொட்டி அளந்தவர் தம் மாணவரைப் பெயர் சொல்லி எண்ணினார். நாமும் அவ்வாறே நம் பிள்ளைகளை எண்ணுவோமாக.